மூன்று மணி நேரப் பூனை

அப்புத்தளை டவுனில்
ஃபோட்டோகொப்பிக் கடையின் பின்னறையில்
நாள் முழுக்க முகம் பிடிக்கிறேன்.
இரண்டு காதும் தெரியவேண்டும்.
பல் தெரியக்கூடாது.
தோளை இறக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க.
கட்டாருக்கு, டுபாய்க்கு, அடையாள அட்டைக்கு என்று
முப்பது நாற்பது பேரைச் சிரிக்கவிடாமல் பார்த்துக்கொண்டு
ஐந்தரைக்கு ஷட்டரை இழுக்கிறேன்.

அதனால்தானோ என்னவோ
ஞாயிற்றுக்கிழமை கமராவைத் தொடப் பிடிப்பதில்லை.

மஞ்சள் தூள் இரண்டு கரண்டி.
கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சிய ஸ்பிரிட் அரைப் போத்தல்.
கலக்கி, கிழிந்த பனியனில் வடித்து
அபிலாஷினியின் சித்திரக் கொப்பித் தாளில் பூசினால்
தாள் கல்யாணவீட்டுப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும்.
பிறகு இருட்டில் காயவேண்டும்.
எங்கள் காம்பராவில் இருட்டென்றால் கட்டிலுக்கடி.
அங்கே ஏற்கெனவே உருளைக்கிழங்கு,
ஞானசேகரின் ஒற்றைச் சப்பாத்து.

முதல் வாரம் பன்னம் இலை ஒன்றை மேலே வைத்து
உடைந்த சட்டத்தின் கண்ணாடியால் அமுக்கி
வெயிலில் வைத்தேன்.
அப்புத்தளை வெயிலை நம்பி!
பத்து மணிக்கு வந்தது
பத்தேகாலுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டது.
பள்ளத்திலிருந்து பனி ஏறிவந்து
கண்ணாடிமேல் உட்கார்ந்துகொண்டது.
"வடிவாத்தான் இருக்கு," என்றான் ஞானசேகர்,
"மஞ்சள் தாளு."

அடுத்த வாரம் அபி
பால்மாப் பெட்டியில் யானை வெட்டினாள்.
நாய் என்று நினைத்துவிட்டேன், ஒரு மணி நேரம் பேசவில்லை.
ஞானசேகர் கையைத் தாளில் பதித்து
கிரிக்கெட் கேட்டபடி உட்கார்ந்தான்.
நாலாவது விக்கெட்டில் மூக்கைச் சொறிந்தான்.

படம் கழுவச் சுண்ணாம்பு வேண்டும்.
பொன்னுக்கிளி அக்காவின் வெத்தலைப் பையில் இருந்தது.
"என்னாத்துக்கு புள்ள, வெத்தல போடப் பழகிட்டியா?"
"படம் கழுவ."
என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
கொஞ்சம் கூடவே வழித்துத் தந்தாள்.

சுண்ணாம்புத் தண்ணீர் பட்டதும்
தாள் ஆரத்தித் தட்டாகச் சிவந்தது.
வெயில் தின்ற இடம் மட்டும் வெளிறி நின்றது.
நடுவே யானை, நாய்போலவே.
பக்கத்தில் ஏழு விரல் கொண்ட ஒரு கை.

மூன்றாவது ஞாயிறு மேகமே இல்லை.
பெரிய தாளாகப் பூசித்
தண்ணீர்த் தொட்டி மூடிமேல் விரித்துவிட்டு
என்ன வைக்கலாம் என்று உள்ளே தேடினேன்.
கத்தரிக்கோலா, கொண்டை ஊசியா, இடியப்ப உரலா.
முடிவெடுத்து வெளியே வந்தால்
தாளின் நடுவே சீனி.
சுருண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சூ" என்று வாயெடுத்த ஞானசேகரின்
வாயைப் பொத்தினேன்.

பிறகு மூன்று மணி நேரம்
தொட்டிக்குக் காவல் நின்றோம்.
கோழியை அபி விரட்டினாள், சத்தமில்லாமல்.
பக்கத்துக் காம்பரா ரேடியோவைக் கெஞ்சி நிறுத்தினோம்.
பதுளை ரயில் கூவியபோது மூவரும் மூச்சை அடக்கினோம்.
சீனி ஒரு காதைத் திருப்பினாள், அவ்வளவுதான்.
எழுந்ததும் முதுகை வளைத்து
எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

வாளியில் தாளை முக்கினேன்.
சிவப்பாய் ஒரு உருண்டை வந்தது.
கனவில் ஆட்டியிருப்பாள்போல, வால் புகையாக இருந்தது.
காது ஒன்றும் தெரியவில்லை.
எந்த நாட்டு விசாவுக்கும் செல்லாது.

சுவரில் மாட்ட முடியாது.
செய்த வெளிச்சமே நாளுக்கு நாள் தின்றுவிடும்.
அலுமாரியில் சேலைகளுக்கடியில் வைத்திருக்கிறேன்.
கேட்பவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டு
பத்து எண்ணும்வரை காட்டுவோம், எண்ணுவது அபி.

பொன்னுக்கிளி அக்கா
மூன்று தடவை பத்து பார்த்தாள்.
"சுண்ணாம்பு என்னோடது," என்றாள்,
"என்னையும் ஒருநாள் போடு."
அசையாமப் படுக்கணும் அக்கா, மூணு மணி நேரம்.
"படுக்கிறேன்.
கொழுந்துக் கூடை தூக்கின நாள்ல இருந்து
பகல்ல அப்படி ஒருக்காவும் படுத்ததில்ல."

பழைய இரட்டைக் கட்டில் விரிப்பொன்று
பேசினில் மஞ்சளோடு ஊறுகிறது.
ஞானசேகர் ஸ்பிரிட் வாங்கப் போயிருக்கிறான்.
அக்கா எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பதென்று
இன்னும் முடிவு செய்யவில்லை.
வெளியே பனி,
எதிர் லயம்கூடத் தெரியவில்லை.