இன்னொரு கல்

கொழும்புக் கால்வாய்களுக்குள்
எவ்வளவு சக்தி கிடக்கிறதென்று
கணக்கெழுதுவது என் வேலை.
நீர் நிற்கும் உயரத்தில் ஒரு பங்கு,
நீர் ஓடும் வேகத்தில் மறுபங்கு.

வாசல்கள் உண்டு.
மழை இறங்கும் வாசல், பம்பி தள்ளும் வாசல்,
வெள்ளவத்தையில் ரயில் பாலத்தடியில்
கடல் சிலநேரம் வாங்கிக்கொண்டு
சிலநேரம் முகத்தில் திருப்பி எறியும் வாசல்.

தாயங்கள் இரண்டு.
ஒன்று உயரத்தை வேகமாக்கும், வேகத்தை உயரமாக்கும்,
தனக்கென்று துளியும் வைத்துக்கொள்ளாது.
மற்றது தின்னும்:
ஆகாயத்தாமரை வேர், சேறு, ஷொப்பிங் பை,
யாரோ கைவிட்ட மெத்தை எல்லாம் அதற்குப் பற்கள்.
தின்றது திரும்பாது.

சட்டம் ஒரே வரி:
வாசலால் வந்ததற்கு மேல்
உள்ளே கூடாது.

முழு மாதிரிக்குப் பதினெட்டாயிரத்து நானூறு நிலைமாறிகள்.
ஒரு மணிநேர மழையை எண்ணி முடிக்க
நான்கு மணிநேரம் கேட்கும்.
அதற்குள் கொலன்னாவை
எண்ணப்படாமலே நனைந்துவிடும்.
குறை என்றார்கள். பதினாலுக்கு.

முதலில் எடுத்தது நல்ல பெயருள்ள முறை.
எறிந்தவற்றையெல்லாம் கூட்டி இரண்டால் பெருக்கு,
வழு அதைத் தாண்டாதென்று நிறுவி வைத்திருக்கிறார்கள்.
தாண்டவுமில்லை.
தனியே விட்டால் சாதுவாக நின்றது.
மடைக்கதவுகளோடு சேர்த்துப் பூட்டினேன்.
மழையே பெய்யாத ஒரு செவ்வாய்க்கிழமை
திரையில் கால்வாய் எழும்பி
காலி வீதியில் மூன்றாம் மாடிக்கு ஏறியது.

எங்கிருந்து வந்தது அவ்வளவும்?
ஒரு வாசலிலும் பதிவில்லை.
எட்டிப் பார்த்த ஹர்ஷனி
"என் கிரெடிட் கார்ட் மாதிரி" என்றாள்.

திரும்பத் தொடங்கினேன்.
வழு கொஞ்சம் பெருத்தால் பெருக்கட்டும்,
தாயங்கள் தங்கள் குணத்தோடு சுருங்கட்டும்.
கைமாற்றுவது கைமாற்றட்டும், தின்பது தின்னட்டும்.
அப்படிச் சுருங்கியதை
அதே குணமுள்ள எதோடு பூட்டினாலும்
கத்தாது.
வழு, பதினொரு சென்ரிமீற்றர்.
அறிக்கையில் 'ஏற்கத்தக்கது' என்று எழுதிக்
கையெழுத்தும் வைத்தேன்.

மே மாதம். இரவு. அந்த மழை.
கதவுகள் சொன்ன நேரத்துக்குத் திறந்தன.
பேரை வாவி சொன்ன கோட்டில் நின்றது.
யாரோ பிளேன்ரீ ஊற்றினார்கள்.

இரண்டு மணிக்கு வெல்லம்பிட்டியிலிருந்து
பம்பிக்காரர் ரிஸ்மி நானா:
"தங்கச்சி, உங்கட திரையில
எங்கட லேன் எங்க இருக்கு?"

தேடினேன்.
முழு மாதிரியில் அது இருநூற்றுப் பதினோராவது அலைவு.
ஒரு மதகுக்குப் பின்னால், பன்னிரண்டு வீடுகளுக்கிடையில்
போய்வந்து போய்வந்து கிடக்கும் தளும்பல்.
சக்தி மிகச் சொற்பம்.
கடலுக்கு அதைத் தெரியாது, பம்பிக்கும் தெரியாது.
எறிந்தது நான்.

"இல்ல நானா" என்றேன்.
கொஞ்ச நேரம் தகரத்தில் மழை மட்டும் கேட்டது.
"அப்ப கட்டிலுக்கு எத்தின கல்லு வைக்கிற?"

அந்தப் பக்கம் மே மாதத்தில் கட்டில்கள் வளரும்,
காலுக்குக் கால் செங்கல் கொடுத்து.
திரை இரண்டு என்றது.
பதினொரு சென்ரிமீற்றர் என்றால்
ஒரு செங்கல்லைச் சரித்து வைத்த உயரம்.
இது எனக்கு அறிக்கை எழுதும்போது தோன்றவில்லை.

"மூண்டு வையுங்க."

விடியும்போது வட்ஸ்அப்பில் ஒரு படம்.
மூன்று கல். மூன்றாவதின் நடுவில் சேற்றுக் கோடு.
கட்டிலில் சுருட்டிய பாய், அரிசிச் சாக்கு,
கமெராவை முறைக்கும் பூனை.
அவர் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பதினைந்தாவதாக ஒரு நிலைமாறி சேர்த்திருக்கிறேன்.
கணக்கு அரைச் செக்கன் பிந்துகிறது.
யாராவது கேட்டால் சொல்ல
ஒரு வாக்கியம் ஆயத்தமாக வைத்திருந்தேன்.
இதுவரை கேட்கவில்லை.