புல எண் 214/3

மன்னவனூரில் மார்கழி வெயிலுக்குப்
பத்து மணிக்கு மேல்தான் தைரியம் வரும்.
அதற்குள் அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன்.
சட்டியில் யூகலிப்டஸ் இலை, பக்கத்துச் சாக்கில் பண்ணை ஆட்டு ரோமம்.
இரண்டும் கப்பலில் வந்த வம்சம்.
படிகாரம்கூடக் கேட்காமல்
ஒன்று மற்றதைச் செங்கல் நிறமாக்கும்.

சுவரில் தொங்க ஒரு கம்பளி செய்கிறேன்,
சோப்புத் தண்ணீர் விட்டு உருட்டி உருட்டி.
எங்கள் சரிவின் வரைபடம் அது.
எந்த நிலமோ அதில் முளைத்ததே அதற்குச் சாயம்.
யாரும் போடச் சொல்லாத சட்டம்.

சீரங்காயி தோட்டத்துக்குக் காரட் தழை:
கழுவுமிடத்தில் மாடுகூடச் சலித்துப்போய் விட்டது,
நல்ல மஞ்சள்.
புலியாண்டி பங்குக்குச் சீகை மரப்பட்டை.
சோலைக்குள் கை வைக்கவில்லை.
கருப்பாடு ஒன்றின் ரோமத்தை
அப்படியே, சாயமில்லாமல் பரப்பினேன்.
பச்சை மட்டும் எந்தச் சட்டியிலும் வரவில்லை,
இத்தனை பச்சைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு.

214/3 நாங்கள் விற்றது.
அண்ணன் தயங்கினான்; முதல் கையெழுத்து என்னுடையது.
இந்தத் தகரக் கூரையும் இந்தச் சட்டியும்
அந்தக் காசில் வந்தவைதான்.
இப்போது அங்கே ஆறு கண்ணாடி வீடுகள்.
வாசலில் ஜார்க்கண்டுக்காரன் சுக்ரா.
ஒரு பிடி புல்லாவது பறித்துக்கொடு என்றேன்.
'புல்லும் லாரியில் வந்தது அக்கா,
பாய் மாதிரி சுருட்டி.'
அப்புறம் என்ன நினைத்தானோ,
மழை தின்ற வேலியில் ஒரு முழம் முள்கம்பியைக்
குறடால் நறுக்கி நீட்டினான்.

புளித்த கஞ்சி, வெல்லம், கம்பி.
பதினெட்டு நாள் மூடி வைத்தேன்.
பட்டைச்சாறு குடித்த ரோமத்தை அதில் முக்கினால்
நாலு மணிப் பனிமூட்டத்தின் சாம்பல்.
சரி, இதுதான் அந்த நிலம் என்று
அதனிடத்தில் வைத்து உருட்டினேன்.

அலசும்போது பார்க்கிறேன்,
இரும்பு தன் எல்லையில் நிற்கவில்லை.
சீரங்காயி மஞ்சளின் மேற்கு ஓரம்
இரண்டு விரல் அகலம்
பாசிப் பச்சையாகிவிட்டது.

தேடிய பச்சை. நல்ல பச்சைதான்.

அவளிடம் இன்னும் காட்டவில்லை.
போன செவ்வாய்க்கிழமை
அவள் வீட்டு முன்னாலும்
ஒரு வெள்ளைக் கார்
இன்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது.