பதினான்கு கல்

நாவற்குடாவில் இரவு பதினொன்றரை.
தம்பியின் கணினி. தம்பி டோஹாவில்.
விசைப்பலகையில் முன்னால் நடக்கும் விசை மட்டும்
எழுத்தழிந்து வழுவழுவென்று கிடக்கிறது.
எவ்வளவு தூரம் நடந்திருப்பான் என்று விரலுக்குத் தெரிகிறது.

நான் இன்னும் முதலாவது ஆற்றையே கடக்கவில்லை.

பாலத்தில் ஒருவன் நிற்கிறான்.
முகமில்லாத இரும்புத் தொப்பி.
வாடகை கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல
ஆறுதலாகத் திரும்பிப் பார்த்து
மறுகா வெட்டுகிறான்.
இருபத்தாறு தடவை செத்தாயிற்று.
கையில், ஆட்டம் தொடங்கும்போது எல்லோருக்கும் தருகிற
துருக்கத்தி.
பையில் பதினான்கு உலைக்கல்.

காத்தான்குடியில் புடவைக்கடையைப் பூட்டிவிட்டு
இஜ்லாஸ் ஸ்பீக்கருக்குள் இருந்து கத்துகிறான்:
"என்ன புள்ள, கல்லை வச்சு வீடா கட்டப்போறாய்?
முதல் மூணு படியும் மலிவு.
ரெண்டு, நாலு, ஆறு.
அதுக்குப் பொறகுதான் விலை ஏறும்."

"நல்ல வாள் ஒண்டு கிடைச்சா?"

"கிடைச்சா பாப்பம்.
கிடைக்கிற வரைக்கும் நீ உயிரோட இருக்கணுமே.
சரி, உன்னட்ட இப்ப எத்தனை ஆயுதம் கிடக்கு?"

அம்மா எழும்பி வந்து
ஒன்றும் சொல்லாமல்
வீதிப் பக்கத்து ஜன்னலைச் சாத்துகிறாள்.
இது விளையாட்டு என்று அவளுக்குத் தெரியும்.
வருடம் என்ன என்றும் தெரியும்.
கைதான் சாத்தியது.

நான் ஸ்பீக்கரைக் குறைத்தேன்.

நியமனக் கடிதம் வரும் நாளுக்கென்று
ஒரு சோடிச் செருப்பு வாங்கி வைத்திருந்தேன்.
நான்காம் வருடம் பெட்டியைத் திறந்தபோது
ஒரு நாளும் நடக்காத அடிப்பாகம்
பசை விட்டுத் தனியே கழன்று வந்தது.
இதை இஜ்லாசுக்குச் சொல்லவில்லை.
சொன்னால் சிரிப்பான்,
பிறகு கடையில் இருந்து ஒரு சோடி அனுப்புவான்.

கொல்லத்தியின் உலை குன்றுக்குப் பின்னால்.
ஒற்றைக் கண். எப்போதும் ஒரே கேள்வி:
"எதைக் கூராக்கட்டும்?"
துருக்கத்தியை நீட்ட வெட்கமாகத்தான் இருந்தது.
இரண்டு கல். ஒரு பொறி.
நான்கு கல்.
ஆறு கல்லுக்கு முன்னால் கை நின்றது,
உண்டியலைக் கவிழ்த்தவள் கடைசிக் காசைத் தட்டுவதுபோல
தட்டினேன்.
ஐம்பத்தெட்டாக இருந்த வெட்டு தொண்ணூற்றேழு.
துரு அப்படியே இருந்தது.

முப்பத்தொரு வெட்டில் விழ வேண்டியவன்
பத்தொன்பதில் விழுந்தான்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில்,
ஒரு பெட்டி.
பெட்டிக்குள் ஈட்டி.
நீலமாக மினுங்குகிற, பெயருள்ள ஈட்டி.
அது கேட்பதும் அதே கல்:
ரெண்டு, நாலு, ஆறு.

என்னிடம் இரண்டு.

இஜ்லாஸ் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கீறியது.
அந்தச் சிரிப்பின் நடுவில்
கரண்ட் போனது.

கல்லடிப் பக்கம் எங்கேயோ ஒரு ஜெனரேட்டர்.
அம்மா இருட்டில் தடவி
கண்ணாடி அலுமாரியைத் திறக்கிற சத்தம்.
தங்க விளிம்பு போட்ட கோப்பைகள், ஆறு,
ஒன்றிலும் இதுவரை தேத்தண்ணி ஊற்றியதில்லை.
ஒன்றுக்குள் மெழுகுதிரியை நட்டுக் கொண்டுவந்தாள்.
விலைத்துண்டு இன்னும் அடியில்.
"கைக்கு அதுதான் பட்டுது" என்றாள்,
நான் கேட்கவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு வெளிச்சம் வந்தது.
ஆட்டம் என்னைக் குன்றுக்கு முன்னால் வைத்திருந்தது.
பதினான்கு கல். கூரில்லாத கத்தி.
பாலத்தில் அவன், ஒரு கீறலுமில்லாமல்.
இஜ்லாஸ் படுக்கப் போய்விட்டான்.

இப்போது எனக்கு ஈட்டி இருக்கும் இடம் தெரியும்.

கொல்லத்தி அதையே கேட்டாள்.
இரண்டு, நான்கு, ஆறு,
மூச்சு விடுவதற்குள் முடித்துவிட்டேன்.

அம்மா நித்திரை.
மெழுகுதிரியை யாரும் அணைக்கவில்லை,
தங்க விளிம்பைத் தாண்டி
மேசையில் வழிந்துகொண்டிருக்கிறது.
அவன் திரும்பிப் பார்க்கிறான்.
ஒன்று.
இரண்டு.