எந்தத் தெரு

மூன்று பாட்டில்.
ஒன்று வயலில் மிதந்தது.
ஒன்று குழாயில் பிடித்தது.
மூன்றாவது பம்புசெட் டீசல்,
“அவன் இன்ஜின்தான் ஒழுகியிருக்கும்” என்று
கம்பெனியில் சொன்னதால்.

மார்கழி. குழாய் எண்ணெய்
நெய்போல உறைந்து கிடந்தது.
உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே
திருவாரூர் பஸ் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டேன்.

காந்த அறைக்கு வெளியே ஒரு தட்டு.
அதில் சாவி, கைபேசி,
தாலிக்கொடியில் கோத்திருந்த நாலு ஊக்கு.

பென்சிலைவிட மெலிந்த கண்ணாடிக் குழாய்.
கரைப்பானில் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு
அதன் கனத்த அண்ணனை உட்கார வைத்திருப்பார்கள்,
நடுவில் யாரும் பேசக் கூடாதென்று.
அப்படியும் ஏழேகாலில்
ஒரு முணுமுணுப்பு வந்துவிடும்.

எண்ணெயிடம் நான் கேட்பது ஒன்றுதான்:
நீ எந்தத் தெரு?
எங்கள் பக்கம் பேருக்கு அடுத்த கேள்வி அது.
கேட்கும்போது நானும் தரையைத்தான் பார்ப்பேன்.

ஹைட்ரஜனுக்குக் கூச்சம் கிடையாது.
அக்கம்பக்கத்தை வைத்து இடம் சொல்லிவிடும்.
சங்கிலியின் கடைசி வீடு
முக்காலுக்கும் ஒன்றுக்கும் நடுவில்.
நடுவீடுகள் ஒன்றேகாலில்,
தாளின் தலையை முட்டிக்கொண்டு.
வளையத்தில் குடியிருப்பவை
ஏழைத் தாண்டிச் சின்னச் சின்னதாய்,
நாற்றங்காலில் மூன்றாம் நாள் முளைபோல.
ஐந்தைச் சுற்றி வெறும் தரை.
பூமிக்குள்ளிருந்து நேரே வந்ததில்
அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

வயலையும் குழாயையும்
ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன்.
மேடு மேட்டில், பள்ளம் பள்ளத்தில்.
டீசல் சேரவில்லை. அதில் தெருக்கள் குட்டை,
கடைசி வீடுகள் அதிகம்.

இன்னும் இரண்டு தடவை ஓட்டினேன்.
கேட்க வருகிறவர்கள்
ஒரு தடவையை நம்ப மாட்டார்கள்.

வயல் பாட்டிலில்
காலண்டர் தாள் கிழித்து ஒட்டியிருந்தது:
வைரக்கண்ணு, கீழ்மருதங்குடி, ஆறு மா.
அறிக்கையில் ‘நில உரிமையாளர்’ கட்டத்தில்
மாம்பலம் முகவரியோடு வேறொரு பெயர்
ஏற்கெனவே அச்சாகி வந்திருந்தது.
பணம் அந்தப் பெயருக்குப் போகும்.
பால் பிடிக்கிற சமயத்தில் கருகிய சம்பாவுக்குக்
கட்டம் இல்லை.

கீழே ‘மாதிரி எடுத்தவர்’ என்று ஒரு வரி.
வழக்கமாகக் கோடு இழுத்து விட்டுவிடுவோம்.
வைரக்கண்ணு என்று எழுதினேன்.
மை காயவில்லை.
பக்கத்தில், யாரும் கேட்காமலே,
குத்தகை என்றும்.