புதன்கிழமை பதினொரு மணி

காற்று அடிக்கிற மாதங்களில்
புந்தா அரேனாஸ் தெருமுனைகளில்
கயிறு கட்டி வைப்பார்கள்,
ஆள் பறந்துவிடாமல் பிடித்து நடக்க.
ஒரு கயிறு முடிகிற இடத்தில்
எங்கள் மாடிப்படி தொடங்கும்.
ஏறி வருகிறவர்கள்
கொஞ்ச நேரம் கையை மூடியே வைத்திருப்பார்கள்.

என் வேலை நாற்காலி போடுவது.
மனநல ஆலோசகர் டானிட்சா
காலையில் ஒரு சீட்டு தருவார்.
நேரமும் எண்ணும் மட்டும் இருக்கும் அதில்.
ஒன்று என்றால் ஜன்னலோரம் ஒன்று.
இரண்டு என்றால்தான் யோசனை:
கணவன் மனைவிக்கு நடுவே
எவ்வளவு இடம் விடுவது?
முழங்கால் இடித்தால் வம்பு,
தள்ளிப் போட்டால்
நானே பிரித்துவைத்த மாதிரி.
ஒரு முழம் விடுவேன்.
அவர்கள் போனபிறகு போய்ப் பார்த்தால்
சில நாள் சாண் அளவு,
சில நாள் ஒன்று மட்டும்
சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

ஐந்து என்றால் குடும்பம்.
இருப்பது நாலு.
ஐந்தாவதாகச் சமையலறை முக்காலி.
அதில் உட்காருகிறவர்தான்
அன்றைக்கு அதிகம் அழுவார் என்பது என் கணக்கு.
டானிட்சா சிரிப்பார்.
இல்லை என்று சொன்னதில்லை.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு
எதைப் போட்டாலும் தரைதான்.

யாஸ்னா, பதினைந்து வயது, செவ்வாய் நாலு மணி.
மூன்று வாரம் குல்லாவைக் கழற்றவில்லை.
உள்ளே பேசுவது வெளியே கேட்கக்கூடாதென்று
கதவருகே ஒரு மின்விசிறி ஓடும்,
இந்த ஊர்க் குளிரிலும்.
அது கறகறவென்று சுற்றியதுதான் மிச்சம்,
மறைக்க எதுவும் வரவில்லை அவளிடமிருந்து.
நாலாவது வாரம்
விசிறியையும் தாண்டி ஒரு சிரிப்பு.
எதற்கென்று தெரியாது.
தெரியவும் கூடாது.
அன்று ராத்திரி எனக்கு நல்ல பசி.

வியாழன், அவள் அம்மா அப்பா.
எடித்தா சலவை இயந்திரம் விற்கிறார்.
எர்னால்டோவுக்கு நண்டுப் படகு.
ஏறும்போதும் ஹீட்டர், இறங்கும்போதும் ஹீட்டர்.
வீடு குளிருது என்பார் இவர்.
காசு எரியுது என்பார் அவர்.
இரண்டும் ஒரே வாக்கியம்தானோ என்று
படிக்கட்டைத் துடைக்கையில் தோன்றியது.
துடைத்து முடித்தேன்.
நான் நாற்காலி போடுகிறவன்.

போன செவ்வாய்,
மகள் உள்ளே போய் அரை மணி கழித்து
எர்னால்டோ வந்து நின்றார்.
கோட்டெல்லாம் ஈரம்.
"உங்களுக்கு வியாழன்" என்றேன்.
"தெரியும்" என்றார்.

உட்கார்ந்தார்,
இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து.
கதவைப் பார்க்கவில்லை.
விசிறியையே பார்த்தார்.
"எஞ்சின் ஓடும்வரை நன்றாக இருக்கிறேன்.
அணைத்தபிறகுதான்…" என்றவர்
மேலே போகவில்லை.
மத்தே கலந்து கொடுத்தேன்.
சொல்வதற்கு அறிவுரை எதுவும் வாயில் வரவில்லை,
நல்லவேளை.

நோட்டைப் புரட்டினேன்.
"புதன் பதினொரு மணி காலியாக இருக்கிறது."
"யாருக்கு?"

பென்சில் கூராகத்தான் இருந்தது.
இருந்தும் சீவினேன், மெதுவாக.

கதவு திறந்தது.
குல்லாவைக் கையில் பிடித்தபடி யாஸ்னா.
அப்பாவைப் பார்த்தாள், குவளையைப் பார்த்தாள்,
ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.
"வெளியே காற்று ஜாஸ்தி" என்றாள்.
ஒரு வாய் குடித்துவிட்டு
குவளையை அவரிடமே கொடுத்தாள்.

மேலிருந்து பார்த்தேன்.
ஒரே கயிறு.
அவள் முன்னால், அவர் பின்னால்.
முனை திரும்பும் இடத்தில்
அவள் நின்றாள்,
அவர் கை வந்து சேரும்வரை.

பேரைப் பென்சிலால்தான் எழுதினேன்.
வேண்டாமென்றால் அழித்துக்கொள்ளலாம்.

நாளைக்குப் புதன்.
சீட்டில் பதினொன்றுக்கு நேரே ஒன்று என்றிருக்கும்.
வழக்கம்போல் ஜன்னலோரம் போடுவதா என்றுதான்
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கிருந்து கடல் தெரியும்.