காலி எடை

வேலந்தாவளத்தில் எடைமேடை நடத்தினால்
இரண்டு மாநிலமும் வாடிக்கை.
சாவடிக்கு இருநூறடி முன்னால்
ஒரு தகரக்கூரை, ஒரு மேசைவிசிறி, நான்.
வருகிற வண்டியின் மொத்த எடையில்
காலி எடை போனால் சரக்கு.
பதினோரு வருஷமாக இந்த ஒரு கழித்தல்தான் சோறு.

பின்னால், கொய்யாமரத்தை ஒட்டி
ஆளுயரத்தில் ஒரு மரச்சட்டம்.
வேலிக்கதவென்று நினைத்து அதில் ஆடு கட்டுகிறார்கள்.
லோனப்பன் கடையில் கழித்துப் போட்ட மோட்டாரிலிருந்து
செப்புக்கம்பி உருவி
நூற்றிருபது சுற்றுச் சுற்றினேன்.
ஆஸ்திரேலியாவின் மேற்கு முனையில் ஒரு கோபுரம்
கடலடிக் கப்பல்களோடு ஓயாமல் பேசுகிறது.
என்ன பேசுகிறது, எனக்கு வேண்டாம்.
எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது, அது போதும்.

சூரியன் சீறினால் அந்தச் சத்தம் மாறும்.
வானத்தின் அடித்தட்டு இறுகி
அலையைக் கெட்டியாகத் திருப்பி அனுப்பும்.
திரையில் கோடு ஏறுவது நாலைந்து நிமிஷத்தில், செங்குத்தாக.
இறங்குவது ஒரு மணி நேரம்,
மனசில்லாமல்.
கண்ணால் பார்க்கக் கூடாத ஒன்றை
முதுகு காட்டி உட்கார்ந்து அளக்கலாம் என்பது
எனக்குப் பிடித்துப்போனது.

முதல் வருஷம் பதினேழு சீற்றம் பிடித்தேன்.
பதினான்கு, லோனப்பனின் வெல்டிங்.
ஞாயிறு அவர் பள்ளிக்குக் கிளம்பினால்
சூரியனும் அடங்கிவிடும்.

மாசி மாதம், வியாழன், பதினொன்று நாற்பது.
கோடு எழுந்தது.
எட்டிப் பார்த்தேன்.
வெல்டிங் கடை பூட்டியிருந்தது.
எடைக்காட்டியின் இரைச்சல் கோட்டில் முள்முள்ளாகக் குத்த,
அதை அணைத்தேன்.
அணைத்த கையோடு பீரானின் கோழிவண்டி
மேடையேறி நின்றது.

"அக்கா, எடை."

"பொறு. மேடையில வேற ஒருத்தர் நிக்கறாரு,
இறங்கட்டும்."

மேடையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
நான் கைகாட்டிய உச்சியைப் பார்த்துக்
கண் கூசிக் குனிந்தான்.
"அதினு எத்ர டன்?"

டன் இல்லை பீரான்.
ஒரு வாட்டை லட்சம் கூறு போடு.
அதில் மூன்று கூறு, இந்த ஒரு சதுர மீட்டரில் விழுகிறது.
சி என்றொரு தரம், அதுபோல் பத்து மடங்கு எம்,
அதுபோல் பத்து மடங்கு எக்ஸ்.
இது எம்.

"மூணு கூறுக்கா என் கோழி காயுது?"

பல்லடத்தில் ஏற்றிய ஆயிரத்து நானூறு உருப்படி.
வெயிலில் நிற்க நிற்க எடை கழியும்.
நிமிஷத்துக்கு எவ்வளவு என்று
அவனிடமும் ஒரு கணக்கு இருக்கிறது.
குழாயைத் திறந்து
கூண்டு கூண்டாகத் தண்ணீர் அடித்தான்.
இருபத்திரண்டு நிமிஷம்.
கோடு உச்சி தாண்டி வளைந்த பிறகே
எடைக்காட்டிக்கு உயிர் கொடுத்தேன்.

பல்லடம் சீட்டைவிடப் பத்து கிலோ கூட!
நனைந்த கோழியின் காலி எடை
எந்தப் பேரேட்டிலும் இல்லை.
பீரான் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே
கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் செயற்கைக்கோளின் எண் வந்தது.
எம் நாலு புள்ளி ஆறு.
நான் எழுதியிருந்தது எம் மூன்று.
ஏறிய கோட்டை விரலால் தடவித் தடவித் தேடினேன்.
தவறு உச்சியில் இல்லை,
அடியில் இருந்தது.
சும்மா இருந்த சூரியன் என்று நான் கழித்த அளவு
சும்மா இருக்கவில்லை.
பத்தரை மணிக்கு வந்த ஏதோ சின்னச் சீற்றம்
இன்னும் முழுதாய் இறங்கியிருக்கவில்லை.
அதன் வால்மேல் தட்டை வைத்து
எடை போட்டிருக்கிறேன்.

பேரேட்டில் அடித்துத் திருத்தினால் செல்லாது.
மூன்று அப்படியே இருக்கிறது.
பக்கத்தில் சிவப்பில் நாலு புள்ளி ஆறு.
அதற்கு நேர் கீழ்வரியில்
கோழி, பல்லடம், கூடுதல் பத்து.