ஆள் கேட்காத வினை

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே,
மருந்துக்கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவில்
ஒரு கணினி, ஒரு போட்டோ கொப்பி மெஷின், நான்.
முறைப்பாடு பக்கத்துக்கு எழுபது ரூபாய்,
சிங்களத்திலும் வேண்டுமென்றால் நூற்றைம்பது.

புஷ்பராணி வந்தபோது குடை சொட்டியது.
சொட்டுவது தனியாய் நிற்கும் வினை,
யாரையும் எதையும் கேட்காது.

பிளாஸ்டிக் உறைக்குள் கம்பனிக் கடிதம்:
பதினான்காம் திகதி கடும் மழையால்
ஏழாம் இலக்க லயத்தின் பின்புறம் மண் சரிந்தது,
நான்கு காம்பராக்கள் சேதமடைந்தன.
"இதுக்குப் பதில் எழுதணும்" என்றாள்.
"சரியலை. சரிச்சாங்க."

உயர்தரத்தில் தமிழுக்கு பி எடுத்தவள் நான்.
விரல் ந் மேலேயே நின்றது.
சரிந்தது, சரித்தது.
ஒரு மெல்லினம் எழுந்துபோய்
ஒரு வல்லினம் உட்காருகிறது, அவ்வளவுதான்.
ஆனால் உட்கார்ந்ததுமே வாக்கியத்துக்குள்
இரண்டு கதிரை காலியாகத் தெரியும்:
எதை? யார்?
எதை என்பது சுலபம். மண்ணை.

"யாருன்னு போடுறது?"
கீழே கண்டி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டார்கள்.
"பெக்கோ வந்துச்சு. லொறி திரும்புறதுக்கு
மூணு நாள் கரையை வெட்டுச்சு."
பெக்கோ அஃறிணை, கையெழுத்துப் போடாது.
"ஓட்டினது?"
"சுனில். பாவம், கூலிக்கு வந்த பொடியன்.
எங்க காம்பராவிலதான் தேத்தண்ணி குடிச்சான்."
"அனுப்பினது?"

அனுப்பு, கொடு எல்லாம் பெரிய குடும்பத்து வினைகள்,
மூன்று கதிரை இல்லாமல் பந்திக்கு வராது.
அதில் முதல் கதிரை மட்டும்
இந்த மலையில் எப்போதும்
துணி போர்த்தியபடி பங்களாவுக்குள் இருக்கும்.

ஆறு வருஷமாய்த் தோட்டத்து அறிவித்தல்களைத் தட்டுகிறேன்.
கொழுந்து குறைந்தது. அரைப் பேர் விழுந்தது.
பக்டரி மூடப்பட்டது. காணி வழங்கப்படும்.
யாரும் மூடவில்லை, பூட்டு மட்டும் தொங்குகிறது.
வழங்கப்படும் என்பதில்
வழங்குகிறவரும் இல்லை, வாங்குகிறவளும் இல்லை,
எதிர்காலம் மட்டும் இருக்கிறது.
சிங்களத்துக்குப் போயும் தப்ப முடியாது:
கெடுணா, கெடுவா.
உடைந்தது, உடைத்தான். அங்கேயும் ஓர் எழுத்துதான்.

"துரை பேரையே போடுங்க" என்றாள்.
பிறகு, "வேணாம்."
பிறகு, "மகன் பக்டரியில நிக்கிறான்."
நிற்கிறான். நாளைக்கு நிறுத்துவார்கள்.
அந்த வினைக்கு மட்டும்
எழுவாய் ஒருநாளும் தயங்கியதில்லை.

சரி, இழந்த பொருளைச் சொல்லுங்கள் என்றேன்.
தையல் மெஷினைக் காணோம்.
ரெண்டு ஆட்டைக் காணோம்.
காஸ் சிலிண்டரைக் காணோம்,
அது நிரப்பி நாலு நாள்தான்.

காணோம்.
பரீட்சையில் கேட்டிருந்தால் கோட்டை விட்டிருப்பேன்.
ஐ உருபை விடாமல் கேட்கிறது,
ஆளைக் கேட்பதே இல்லை.
நான் தேடினாலும், அவள் தேடினாலும்,
லயம் முழுக்கத் தேடினாலும் அதே காணோம்.
வாலில் மட்டும் ஓர் ஓம்,
யாரோ பலபேர் சேர்ந்து நின்ற தடம்.

மழை விட்டிருந்தது.
நூற்றைம்பதை எண்ணி வைத்தாள், எல்லாம் இருபது ரூபாய்த் தாள்.
நான் த் போட்டேன்.
மண்ணை என்று போட்டேன்.
அதற்கு முன்னால்
ஒரு பெயர் அகலத்துக்குப் புள்ளிக்கோடு இழுத்து
இரண்டு மொழியிலும் அச்செடுத்தேன்.

பேனா அவள் பக்கம் நகர்ந்தது.

இல்லை.
நான்தான் நகர்த்தினேன்.